கச்சேரி கேட்ட காதுக்கு ஹார்ட் ராக்: ஐம்பதில் எந்த ஏழு?

கேள்வி சுருக்கமாக இது: மதுரையில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர். நாதஸ்வரமும் இளையராஜாவும் கேட்டு வளர்ந்த காது. நண்பர் கொடுத்த ஐம்பது ஹார்ட் ராக் (மின் கிதாரும் டிரம்ஸும் உரத்து முழங்கும் மேற்கத்திய இசை) ஆல்பங்களின் பட்டியலைப் போட்டுக் கேட்டால் எல்லாம் ஒரே இரைச்சல், பாட்டு வரி ஒன்றும் பிடிபடவில்லை. எதில் தொடங்குவது, எதைத் தள்ளுவது, பழைய ரெக்கார்டு வாங்கிக் கேட்டால் மாறுமா?

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள் தம்பி. ஐம்பதும் நல்ல ஆல்பங்களாகவே இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட பட்டியல்கள் விற்பனையையும் புகழையும் வைத்து அடுக்கப்படுபவை, புதுக் காது எதை முதலில் பிடித்துக்கொள்ளும் என்று பார்த்து அடுக்கப்படுபவை அல்ல. உங்களுக்கு ஏழு போதும். அந்த ஏழையும் பாடகனின் குரலிலிருந்து கேட்கத் தொடங்காதீர்கள், டிரம்ஸிலிருந்து கேளுங்கள். தவில் கேட்டுப் பழகிய காதுக்கு அதுதான் வாசல். வரிகள் பிறகு தானாக வரும். ஆலாபனையில் வரி தேடி யாரும் உட்காருவதில்லையே.

இரைச்சலாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் கேட்கும் கருவி. கைபேசியின் உள் ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலியைத் தரவே தராது. தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிதாரில் மிகத் தாழ்ந்து ஒலிக்கும் கம்பி 41 ஹெர்ட்ஸ், சாதாரணக் கிதாரில் 82 ஹெர்ட்ஸ். இவையும் காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம்மின் அடியும் போய்விட்டால் மிஞ்சுவது சிம்பலின் சீறலும் கிதாரின் கரகரப்பும்தான். அதைத்தான் நீங்கள் இரைச்சல் என்கிறீர்கள். சித்திரைத் திருவிழா நேரத்தில் தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் கேட்டாலும் இதே கதைதான்; அது பேச்சுக்கும் அறிவிப்புக்கும் ஆன கருவி. ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று விற்கும் ஹெட்போன் இதற்கு நேரெதிர்த் தவறு செய்யும்: கிக்கும் பேஸ் கிதாரும் ஒன்றாகக் குழைந்து தாளம் சேறாகிவிடும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண வயர் இயர்போன் இரண்டு காதிலும் சரியாக அடைத்து உட்கார்ந்தால் போதும். ரப்பர் முனை தளர்வாக இருந்தால் பேஸ் கசிந்து போகும், அளவு மாற்றிப் பாருங்கள். பேருந்தில் நண்பரோடு ஆளுக்கு ஒரு காது பங்கு போட்டுக் கேட்க வேண்டாம். காரணம், ஏழாவதாக வரும் வேன் ஹேலன் குழுவைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

மீதிப் பாதி, கிதாரின் ‘டிஸ்டார்ஷன்’. ஆம்ப்ளிஃபையரை அதன் கொள்ளளவுக்கு மேல் தள்ளினால் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்பட்டு, மூல சுரத்தில் இல்லாத புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று சுரம் மீட்டினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கும், குறிப்பாகக் காந்தாரம் இருந்தால். அதனால்தான் இந்த இசைக்காரர்கள் காந்தாரத்தை எடுத்துவிட்டு ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் மீட்டுகிறார்கள். ‘பவர் கார்டு’ என்பது அவ்வளவுதான்: சா, பா, மேல் சா. சுருதிப் பெட்டியில் நீங்கள் பிறந்ததிலிருந்து கேட்கும் அதே ஒலி. மேலே வரும் தனி கிதார் பெரும்பாலும் ஐந்து சுரத்தில் நடக்கிறது. ச க ம ப நி, அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். கமகம் வேறு, வளைவு வேறு, ராகம் என்று சொல்ல முடியாது. ஆனால் சுரங்கள் அந்நியமில்லை.

இனி ஆல்பங்கள். முதலாவது டீப் பர்ப்பிள் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’, 1972. எல்லாரும் அதே ஆண்டின் ‘மெஷின் ஹெட்’டில் தொடங்கச் சொல்வார்கள், கச்சேரி கேட்ட காதுக்கு நேரடி ஒலிப்பதிவுதான் முதல் படி. ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17இல் டோக்கியோ புடோகான் அரங்கிலும் பதிவானது. ஏழே உருப்படிகள், இரண்டு தட்டு. ‘சைல்ட் இன் டைம்’ 12 நிமிடம்: ஆர்கன் மெதுவாகத் திறக்க, பாடகர் இயன் கில்லன் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் குரலில் படிப்படியாக மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறார். (அதன் ஆர்கன் மெட்டு, ‘பாம்பே காலிங்’ என்ற 1969ஆம் ஆண்டு அமெரிக்கப் பாடலிலிருந்து எடுத்தது.) ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’ பாடலின் நடுவில் ரிச்சி பிளாக்மோர் கிதாரில் ஒரு பிடி வாசிக்க, கில்லன் அதைக் குரலில் திருப்பித் தருகிறார். இந்தக் கேள்வி பதில் விளையாட்டை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘தி மியூல்’ பெரும்பகுதி டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸின் தனி ஆவர்த்தனம். ஸ்டூடியோவில் நாலரை நிமிடமாக இருந்த ‘ஸ்பேஸ் டிரக்கின்’ இங்கே ஏறத்தாழ 20 நிமிடம். அதில் கடைசிப் பத்து நிமிடம் சற்று அலைகிறது, முதல் தடவை பொறுமை போனால் நிறுத்திவிடலாம், குற்றமில்லை.

இதைக் கேட்ட பிறகு ‘மெஷின் ஹெட்’டுக்குப் போனால் அதன் அருமை தெரியும். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் ஒரு கசினோ அரங்கில் பதிவு செய்வதாக இருந்தார்கள். டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் நிகழ்ச்சியில் அந்த அரங்கு தீப்பிடித்து எரிந்தது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடியிருந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்தி வைத்து, வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒலிப்பதிவு வண்டியில் பதிவு செய்தார்கள். ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ சொல்வது இந்தக் கதையைத்தான். அதன் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார்ப் பிடி) ஐந்து கட்டை சுருதியில் ச க ம, ச க மி ம என்று போகும். நடுவில் பிரதி மத்திமம் ஒரு கணம் தலைகாட்டி சுத்த மத்திமத்தில் இறங்குகிறது. கிதார் கற்கும் பையன்கள் இதை ஒரு கம்பியில் பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) வைத்து வாசித்து, ஏன் ரெக்கார்டு மாதிரி வரவில்லை என்பார்கள். பிளாக்மோர் வாசிப்பது இரண்டு கம்பியில், ஒவ்வொரு சுரத்தோடும் அதற்கு நாலாம் சுரம் கீழே சேர்த்து, விரலால் ஒன்றாகக் கிள்ளி. பிளெக்ட்ரத்தால் இழுத்தால் ஒரு கம்பி முந்தும், மற்றது பிந்தும். அந்தக் கனம் போய்விடும்.

இரண்டாவது, லெட் செப்பெலின் 1971 நவம்பரில் பெயரில்லாமல் வெளியிட்ட நாலாவது ஆல்பம். எல்லாரும் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ என்று ரெக்கார்டின் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு ஓடுவார்கள். நல்ல பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆல்பத்தின் உச்சம் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது: ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. 1929இல் கேன்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மினியும் பதிவு செய்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாட்டு இது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய ஆங்கிலேயப் பங்களாவின் கூடத்தில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படி வளைவின் மேலிருந்து இரண்டு பேயர் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டு, பின்சன் எக்கோ கருவி வழியாகப் பதிவு செய்தார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். டிரம்முக்குப் பக்கத்தில் மைக் வைத்தால் தோல் மட்டும் கேட்கும். தூரத்தில் வைத்தால் கூடமே வாத்தியமாகிவிடுகிறது. கோயில் கல் மண்டபத்தில் தவில் வாசிக்கும்போதும் அதே தவிலை ஷாமியானாவில் கேட்கும்போதும் உள்ள வித்தியாசம் மதுரைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பாட்டை முதல் முறை கேட்கும்போது கிதாரை மறந்துவிட்டு ஏழு நிமிடமும் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள்.

அதே ஆல்பத்தின் முதல் பாட்டான ‘பிளாக் டாக்’கில் கையால் தாளம் போட்டுப் பாருங்கள். ரிஃப் அரை எண்ணிக்கை தள்ளித் தள்ளி விழுந்து உங்களை வழிதவறச் செய்யும், டிரம் நேர் நாலில் அசையாமல் நிற்கும். ரிஃபை நம்பினால் தாளம் போச்சு. பாடகர் பாடி நிறுத்தும் இடங்களில் உற்றுக் கேட்டால் பானம் எண்ணிக்கைக்காகக் குச்சியைத் தட்டும் சிறு சத்தமும் கேட்கும்.

மூன்றாவதாக அவர்களுடைய ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’, 1975, முதல் தட்டு மட்டும். இரட்டை ஆல்பம், புதிதாகப் பதிந்த பாட்டுகள் ஒரு தட்டுக்கு மேல் போனதால், முன்பு வெளியிடாமல் வைத்திருந்தவற்றையும் சேர்த்து இரண்டாக்கினார்கள். இரண்டாம் தட்டில் அந்த ஒட்டு தெரிகிறது. முதல் தட்டின் முடிவில் வரும் ‘காஷ்மீர்’, உங்களுக்காகவே செய்தது போல இருக்கும். பெயர்தான் காஷ்மீர், பாடகர் ராபர்ட் பிளான்ட் வரி எழுதியது மொராக்கோவின் பாலைவனச் சாலையில் போனபோது. ஜிம்மி பேஜ் கிதாரின் ஆறு கம்பிகளையும் ச ப ச ம ப ச என்று சேர்த்திருக்கிறார். டிரம் நாலு எண்ணிக்கையில் நடக்க, கிதார் மூன்று எண்ணிக்கையில் சுழல்கிறது. கிதார் நாலு சுற்று முடிப்பதும் டிரம் மூன்று சுற்று முடிப்பதும் பன்னிரண்டாவது எண்ணிக்கையில். அடுத்த எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றாகச் சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, வந்து சேரும். தொடையில் நாலு போட்டுக்கொண்டு கேளுங்கள், அந்தச் சமம் வந்து விழும்போது தலை தானாக ஆடும்.

பிளாக் சபாத்தில் எல்லாரும் ‘பாரனாய்ட்’ சொல்வார்கள். நான் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ சொல்வேன், 1971, முப்பத்து நாலு நிமிடம். குழுவின் கிதார்காரர் டோனி ஐயோமி இடக்கைக்காரர். பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார்; அவருக்குக் கம்பி அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மெல்லிய கம்பிகள் மாட்டி வாசித்தார். இந்த ஆல்பத்தில் ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’, ‘இன்டு தி வாய்ட்’ போன்றவற்றில் கம்பியைத் தளர்த்தி மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். கம்பி இளகியதால் விரலுக்கும் வலி குறைந்தது, ஒலிக்கும் எடை கூடியது. பிறகு வந்த கனத்த இசையில் பெரும்பகுதி இந்தத் தளர்ந்த கம்பியிலிருந்து கிளைத்ததுதான். அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டையும் ஒரு தடவை கேளுங்கள்: சா, மேல் சா, பிறகு பிரதி மத்திமம், அதோடு நிற்கிறது. பஞ்சமத்துக்குப் போகாமல் அங்கேயே விட்டுவிடுவதில்தான் அந்தப் பயம் இருக்கிறது. கல்யாணியில் அதே சுரம் எவ்வளவு மங்களமாக இருக்கிறது பாருங்கள்! பாட்டு வரியில் பேய் பிசாசு என்று வீட்டில் யாராவது பதறினால், பெரும்பாலான வரிகளை எழுதிய கீசர் பட்லர் அவற்றை எச்சரிக்கையாகவே எழுதினார் என்று சொல்லிவிடுங்கள்.

ரெயின்போவின் ‘ரைசிங்’, 1976, ஆறே பாட்டு. நேரே இரண்டாம் பக்கத்துக்குப் போகலாம். அதில் இரண்டு பாட்டு மட்டும், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம். ‘ஸ்டார்கேஸர்’ கோஸி பவலின் டிரம் முழக்கத்தோடு தொடங்கும். ரோனி ஜேம்ஸ் டியோவின் குரல் இந்த ஏழில் மிகச் சுத்தமானது. வரி புரியவில்லை என்ற உங்கள் குறைக்கு இங்கே பாதி விடை இருக்கிறது.

ஏசி/டிசி என்றால் 1980இன் ‘பேக் இன் பிளாக்’ என்று உலகமே சொல்லும். பாடகர் பான் ஸ்காட் பிப்ரவரியில் இறந்து, ஜூலையில் புதிய பாடகரோடு அந்த ஆல்பம் வெளிவந்துவிட்டது. சாதனைதான். ஆனாலும் முதலில் 1978இன் ‘பவரேஜ்’ கேளுங்கள். ‘பேக் இன் பிளாக்’ மெருகேறிய ஆல்பம், ‘பவரேஜ்’ உள்வேலை தெரிகிற ஆல்பம். மால்கம் யங்கின் கிதாரில் டிஸ்டார்ஷன் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. அதட்டல் வருவது கை அழுத்தத்திலிருந்தும் தடித்த கம்பியிலிருந்தும். இந்தப் பாட்டுகளை வாசிக்க முயலும் குழுக்கள் தவறுவது ஒரே இடத்தில்: டிஸ்டார்ஷனைக் கூட்டிவிடுவார்கள். அப்புறம் இரண்டு மீட்டலுக்கு நடுவில் இருக்க வேண்டிய மௌனம் நிரம்பிவிடும். அந்த மௌனம்தான் இவர்கள் பாட்டின் தாளம். ஃபில் ரட் டிரம்ஸில் ஒரு அடி கூட அதிகமாக அடிப்பதில்லை. பிருகா கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் சப்பென்று இருக்கும், நாலாவது தடவையில் பிடிக்கும்.

ஏழாவது வேன் ஹேலனின் முதல் ஆல்பம், 1978. ‘இரப்ஷன்’ 1 நிமிடம் 42 விநாடிதான், அதற்குள் கிதார் வாசிக்கும் முறையே மாறிவிட்டது. வலக்கை விரலையும் கம்பி மேல் தட்டி வாசிக்கும் வித்தையை உலகம் கவனித்தது இதில்தான். இந்த ஆல்பத்தில் கிதார் இடப்பக்கம், அதன் எதிரொலி வலப்பக்கம். ஒரு காதை நண்பருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கிதார், மற்றவருக்கு வெறும் எதிரொலி. ஏசி/டிசியிலும் அப்படித்தான், மால்கம் ஒரு காதில், அவர் தம்பியும் மற்றொரு கிதார்காரருமான அங்கஸ் மறு காதில். கன்ஸ் அண்ட் ரோஸஸின் ‘அப்பெட்டைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’, 1987, இதற்கு அடுத்து வரட்டும். அதிலும் இரண்டு கிதாரும் இரண்டு காதில் தனித்தனி நியாயம் பேசும். டெஃப் லெப்பர்ட், பான் ஜோவி வகையறா உங்களுக்கு ஏற்கெனவே எளிதாகப் பிடித்திருக்கும், அவற்றுக்கு வழிகாட்டி வேண்டாம்.

செயலியில் கேட்பவர் மூன்று அமைப்புகளை மாற்றியாக வேண்டும். கிராஸ்ஃபேடை அணையுங்கள், ஒரு பாட்டின் கடைசி விநாடியை அடுத்ததன் மேல் பூசி, லெட் செப்பெலின் இரண்டாம் ஆல்பத்தில் ‘ஹார்ட்பிரேக்கர்’ சட்டென்று நின்று அடுத்தது பாயும் இடத்தைக் கெடுத்துவிடும். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைஸரையும் அணையுங்கள். ஒலி அளவைச் சமப்படுத்தும் நார்மலைசேஷனை மட்டும் போட்டு வையுங்கள். ஒரே ஆல்பத்துக்கு நாலைந்து ரீமாஸ்டர்கள் (ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிட்ட பதிப்புகள்) கிடக்கும், சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காது ஏமாறும். பல ரீமாஸ்டர்களில் மெல்லிய இடத்தை உயர்த்தி, உரத்த இடத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருப்பார்கள். ஸ்நேர் டிரம்மின் கூர்மையான அடி முன்னால் பாய வேண்டிய இடத்தில் முதுகைக் காட்டும். அளவைச் சமமாக்கிவிட்டு ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டின் முதல் இருபது விநாடியை இரண்டு பதிப்பில் மாற்றி மாற்றிக் கேளுங்கள், அடியும் கூடத்தின் எதிரொலியும் தனித்தனியே தெரிகிற பதிப்பே போதும். ‘ரீமிக்ஸ்’ என்று போட்டிருந்தால் அது வேறு: மூல நாடாக்களிலிருந்து மறுபடி கலந்தது, ஆல்பத்தை நன்றாக அறிந்த பிறகு கேட்க வேண்டியது.

ரெக்கார்டு வாங்கலாமா? ஒலிக்காக என்றால் இப்போதைக்கு வேண்டாம். பக்கத்துக்கு இருபது நிமிடம் என்ற ஒழுங்குக்காக என்றால் வாங்கலாம், மதுரைக்கு ஏற்ற கவனத்தோடு. மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் ஒரு மணி நேரம் விட்டால் தட்டு நெளிந்துவிடும். நெளிந்ததை வீட்டில் நிமிர்த்துவது எளிதல்ல. மொட்டை மாடிக்கு நேர்க் கீழே உள்ள பரணும் கூடாது. படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். தூசிப் பிடித்த தட்டை போர் தண்ணீரில் கழுவினால் உப்பு பள்ளத்தில் படிந்து நிரந்தரமாகப் படபடக்கும். பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெத்தென்ற துணி, பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைத்து, அதே தண்ணீரால் அலசி, ஃபேன் காற்று படாத இடத்தில் நிறுத்தி உலரவிடுங்கள். நடுவில் உள்ள காகிதம் நனையக் கூடாது.

பெட்டி வடிவ மலிவு பிளேயர்கள் சிலவற்றில் ஊசி 5 கிராம் வரை அழுத்தும். 2 கிராம் அளவில் அழுத்தத்தைத் திருத்தக்கூடிய கைப்பகுதி உள்ளதை வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிள் என்றால் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஆனதா என்று பின்பக்கத் தகட்டில் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின் அதிர்வைப் பிடித்து ஓடும் மோட்டாராக இருந்தால் 33⅓ சுற்று ஓட வேண்டியது 27.8தான் ஓடும், மூன்று கட்டைப் பாட்டு ஒன்றரைக் கட்டைக்கு இறங்கி, டீப் பர்ப்பிளின் ‘ஹைவே ஸ்டார்’ கூட சபாத் போல ஒலிக்கும். வோல்டேஜ் மாற்றும் பெட்டி இதைச் சரிசெய்யாது, 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் கப்பி மாற்ற வேண்டும். கரன்ட் போனபோது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஆம்ப்ளிஃபையரில் ஒரு ரீங்காரம் கேட்கும், அது தட்டின் குறையல்ல. அந்த நேரத்தில் இயர்போன் மாட்டிக் கைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.